பின் கட்டாயம்

"ஹலோ... ஹலோ, சூர்யபிரகாஷா?... நான் இசைவாணி பேசுறேன்... எந்த இசைவாணியா? காலேஜ்ல மூணு வருசமும் உனக்கு அசைன்மென்ட் எழுதிக் குடுத்தாளே, அந்த இசைவாணி... ஆமா... ஆமா, ஆமத்தூர்... நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கேன்னு கேக்கிறதுக்குப் போன் பண்ணல."

இசைவாணி நின்றுகொண்டுதான் பேசினாள். விருதுநகரில் ஆடிட்டர் ஆபீஸ் வேலைக்குக் கிளம்பியவள். தலை வாரி, சுடிதார் போட்டு, துப்பட்டாவுக்குக் குத்தும் ஊக்கைக் காணோம் என்று வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான், ஊர் வழக்கில் பட்டாசு ஆபீஸ் என்கிற தொழிற்சாலைக்கு விடியுமுன் வேலைக்குப் போன அம்மா அய்யம்மாள் திரும்பி வந்து நின்றாள். தூக்குச்சட்டியில் சோறு அப்படியே இருந்தது. முகத்தைப் பார்த்ததும் இசைவாணி ஊக்கை மறந்துவிட்டாள். அம்மா சுவரோரம் உட்கார்ந்து பாதி சொன்னாள், மீதியை விழுங்கினாள். மீதியைச் சொன்னது செல்போன். சாத்தூர்ப் பக்கம் வேறொரு பட்டாசு ஆபீஸில் போர்மேனாக இருக்கும் சோலைச்சாமி மாமா ஒரு வீடியோவை அனுப்பி, இது நம்ம அக்காதானா என்று கேட்டிருந்தார்.

அதைப் பார்த்த கையோடு அவள் அழைத்த ஆள் சூர்யபிரகாஷ். விஸ்வநத்தம் பக்கம் அய்யம்மாள் வேலை பார்க்கும் ஆபீஸின் முதலாளி சங்கரலிங்கத்துக்கு ஒரே மகன். இசைவாணியோடு பி.காம். ஒரே வகுப்பு. அவன் காரில் வந்தான், இவள் டவுன் பஸ்ஸில் வந்தாள். பரீட்சையில் கேள்வித்தாள் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தது. பதிலும் ஒன்றாகத்தான் இருந்தது, எட்டிப் பார்க்கிற தூரத்தில் இவள் உட்கார்ந்திருந்ததால். பிறகு கோயம்புத்தூருக்குப் போய் இன்னொரு பட்டமும் வாங்கிக்கொண்டு, இந்தச் சீசனுக்குத்தான் அப்பாவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"காலையில உங்க ஆபீஸ் வாசல்ல ஒரு பொம்பளைய நிப்பாட்டி வச்சு வீடியோ எடுத்தியே... ஆமா, அந்தப் பச்சைச் சேலைதான்... பாத்தேன், பாத்தேன். நல்லாத்தான் எடுத்திருக்க. மூஞ்சி தெளிவாத் தெரியுது... எல்லா குரூப்புக்கும் போயிருச்சா? போகும், போகும். யாருன்னு தெரியுமா அது?... லேபரா? லேபர்னு யாருக்கும் பேரு வைக்கிறதில்ல சூர்யா. அவுக பேரு அய்யம்மாள். எங்கம்மா."

துப்பட்டா தோளிலிருந்து சரிந்தது, இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வீடியோவில் அய்யம்மாள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறாள். சூர்யபிரகாஷ் ஓர் ஊக்கை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் கேமராவுக்குக் காட்டுகிறான். இந்த அம்மா இரும்பைக் குத்திக்கொண்டு உள்ளே வரப் பார்த்தாள், ஓர் உரசல் போதும், அத்தனை பேரும் சாம்பல், இந்த மூஞ்சியை எல்லாரும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று பேசுகிறான். பேசியதோடு விடவில்லை. சுற்றுவட்டாரத்து ஆபீஸ் மேனேஜர்கள், போர்மேன்கள் எல்லாரும் இருக்கும் குரூப்பில் போட்டுவிட்டான். பார்த்து வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது இசைவாணிக்குத் தெரியும். தீபாவளிக்கு முந்தைய சீசன். ஓர் ஆபீஸில் நிறுத்தினால் பெண்கள் அடுத்த ஆபீஸுக்குப் போய்விடுவார்கள், அதுதான் வழக்கம். அய்யம்மாளுக்கு இனி அடுத்த ஆபீஸே கிடையாது. வெடிக்குத் திரி வைப்பதைத் தவிர வேறு வேலை அந்தக் கை பழகியதும் கிடையாது.

"சொல்லு, சொல்லு... சேஃப்டியா... ம்... ம்... கம்ப்ளையன்ஸா? இரு, அந்த வார்த்தை நான் எழுதிக் குடுத்த பிராஜெக்ட்ல இருந்ததுல? அர்த்தம் கேக்காமலே வாங்கிட்டுப் போயிட்டியே... இல்ல, இல்ல, நீ சொல்றது சரி. பட்டாசு ஆபீஸுக்குள்ள இரும்பு ஆகாது. கொண்டை ஊசி ஆகாது, கொலுசு ஆகாது, ஊக்கு ஆகாது. இது எனக்கே தெரியும், எங்கம்மாவுக்குத் தெரியாதா? எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து எங்கம்மா சேலையில நான் ஊக்கு பாத்ததில்ல. கல்யாண வீட்டுக்குப் போனாக்கூடக் குத்த மாட்டாக... அப்ப இன்னைக்கு ஏன் குத்துனாகளா? வா. அதுக்குத்தான் வாறேன். நேத்துச் சாயங்காலம் கேட்டுல ஒரு நோட்டீஸ் ஒட்டுனியே, அதை எடு... போட்டோ பிடிச்சு வச்சிருப்ப, எடு... படி. சத்தமாப் படி."

அய்யம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து கையை ஆட்டினாள். மெல்லப் பேசு என்று அர்த்தம். முதலாளி மகன், நாளைக்கு அந்த வாசலில்தானே போய் நிற்க வேண்டும் என்று அர்த்தம். இசைவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நோட்டீஸில் இருந்தது சின்ன சமாச்சாரம்தான். "அரசு உத்தரவுப்படி இனி அனைவருக்கும் ஒரே மாதிரி பின். நாளை முதல் பின் கட்டாயம். பின் இல்லாதவர்களுக்கு அனுமதி கிடையாது. நிர்வாகம்." சாயங்காலம் பஸ் ஏற நின்ற பெண்களுக்கு வாட்ச்மேன் மொக்கைச்சாமி இதைத்தான் ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். அவருக்கும் அதற்கு மேல் தெரியாது.

"என்னது, செல் சார்ஜர் பின்னா? அதுல செல்லுன்னு எங்க இருக்கு?... தேடு... சார்ஜர்னு எங்க இருக்கு?... நல்லாப் பாரு, பின்னாடி திருப்பிப் பாரு... இல்லையா? இருக்காது. எழுதலைன்னா எப்படி இருக்கும்?"

இனிமேல் விற்கும் செல்போன்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சார்ஜர் துளைதான் இருக்க வேண்டும், ஆளாளுக்கு ஒரு விதமாக வைத்து ஜனங்களை அலைய விடக் கூடாது என்று செல்போன் செய்கிற கம்பெனிகளுக்கு அரசாங்கம் விதி கொண்டுவருகிற சேதியைச் சூர்யபிரகாஷ் எங்கேயோ படித்திருக்கிறான். படித்தது தப்பில்லை. அந்த விதியைத் தன் ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து நட்டதுதான் கூத்து. வேலைக்கு வருகிறவர்கள் செல்போனை வாட்ச்மேன் ரூமில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த ரூமில் பெண்கள் ஆளுக்கொரு சார்ஜரைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். உருண்டை பின், தட்டைப் பின், ரப்பர் பேண்ட் சுற்றினால்தான் ஏறும் பின், எல்லாம். அத்தனையையும் அள்ளி வெளியே போட்டுவிட்டு, ஒரு பலகை அடித்து, வரிசையாகப் புது சி டைப் வயர்களைத் தொங்கவிட்டான். இந்த பின் சேராத செல்லை இனி வாசலில் வாங்க மாட்டோம் என்பது அவன் மனதில் இருந்தது. மனதில் இருந்ததில் செல் என்ற ஒரு சொல் மட்டும் தாளில் இறங்கவில்லை. அவனுக்கு உலகத்தில் பின் என்றால் சார்ஜர் பின்தான்.

அய்யம்மாளிடம் இருப்பது பட்டன் போன். அது வீட்டு அலமாரியை விட்டு நகர்ந்ததில்லை. பின் என்றால் அவளுக்குச் சேலையில் குத்துவது. இத்தனை வருசம் ஆகாது என்றவர்கள் இப்போது ஏன் கட்டாயம் என்கிறார்கள் என்று பஸ்ஸில் அவளும் பக்கத்து சீட்டு அழகுமீனாவும் பேசாமல் இல்லை. யோசித்து ஒரு முடிவுக்கும் வந்தார்கள். இந்தச் சீசனுக்கு எல்லாருக்கும் காட்டன் கோட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள், அது தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. அதைக் குத்திக்கொள்ளச் சொல்கிறார்கள் போல, அரசாங்கமே பார்த்துச் சொல்லியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

"என்னது?... புத்தி வேணாமாங்கிறியா? யாருக்கு? இத்தனை வருசமா பின் குத்தாதன்னு சொன்னீக, குத்தல. நேத்து பின் கட்டாயம்னு எழுதினீக, குத்திட்டு வந்தாக. சொன்னதச் செஞ்சவுகளுக்குப் புத்தி இல்லையா, சொன்னவனுக்கு இல்லையா?... சும்மா இருங்கிறியா? சும்மா இருக்கேன், நீ பேசு... ம்... ம்... அவுக ஒருத்திதான் குத்திட்டு வந்தாகளா? அப்படியா? மொக்கைச்சாமிய விட்டு உங்க கேட்டுக்கு முன்னாடி மண்ணச் சலிக்கச் சொல்லு. முன்னாடி நின்ன எங்கம்மாவ நீ பிடிச்சதப் பாத்துட்டுப் பின்னாடி நின்ன பாதிப் பேரு ஊக்கைக் கழட்டி மண்ணுல போட்டு மிதிச்சிருக்காக. அள்ளிக் கடையே போடலாம்... யாரு சொன்னாங்கிறியா? எதுக்கு, அவுகளையும் வீடியோ எடுக்கவா?"

மண்ணில் போட்டு மிதித்த கதையை அய்யம்மாள்தான் சொல்லியிருந்தாள், அதுவும் சொல்லக் கூடாது என்ற சத்தியத்தோடு. இப்போது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சூர்யபிரகாஷ் விதியைப் பற்றி விளக்க ஆரம்பித்திருக்க வேண்டும், நீளமாக. இசைவாணி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். கெட்டுப்போன முட்டையை வெளியே கொண்டுபோய்ப் போடுகிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

"முடிச்சிட்டியா?... அந்த விதி யாருக்கு? செல்லு செய்யிறவனுக்கு. புதுசா விக்கிறவனுக்கு. ஏற்கெனவே வாங்கி வச்சிருக்கிறவுகள வாசல்ல நிறுத்தச் சொல்லி எந்த அரசாங்கமும் சொல்லல... நீ ஒரு தடவ முழுசாப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். முழுசாப் படிக்கிற பழக்கம்தான் உனக்குக் கிடையாதே. தலைப்பு மட்டும் போதும் உனக்கு, மிச்சத்தை எழுத ஆளு இருந்துச்சு... ஏலே, பட்டாசு விக்கிற வீட்டுல பொறந்திருக்க. இவன் வெடிக்கு ஒரு தீக்குச்சி, அவன் வெடிக்கு வேற தீக்குச்சின்னா எவனாவது வாங்குவானா? எந்த வெடியா இருந்தாலும் ஒரே குச்சிதான. அம்புட்டுத்தான் அந்த விதி. நம்ம ஊர்ல தீப்பெட்டி தொடுற வயசுல இருந்தே எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. அதைப் போயி எங்கம்மா தோள்ல குத்தி வச்சிருக்க... ஏலேன்னு சொல்லக் கூடாதா? சாருன்னு சொல்லணுமா? காலையில எங்கம்மாவ நீ எப்படிக் கூப்பிட்ட? 'ஏ, இங்க வா'ன்னு. வீடியோவுல இருக்கு. உங்கம்மாவ விட மூத்தவுக."

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். அவன் குரல் இறங்கியது அவள் முகத்தில் தெரிந்தது. புருவம் ஒன்று மேலே ஏறியது. சமாதானம் பேசுகிறான். என்ன சமாதானம் என்பதைக் கேட்டபோது அந்தப் புருவம் அப்படியே நின்றுவிட்டது.

"மன்னிப்பு வீடியோவா?... யாரு, எங்கம்மாவா?... தெரியாமச் செஞ்சிட்டேன் மொதலாளின்னு கையக் கும்பிட்டுச் சொல்லணும்... அதையும் குரூப்ல போடுவ... போட்டா நாளையில இருந்து வேலைக்கு வரலாம். ம். நான் படிச்ச பொண்ணுங்கிறதால எனக்காகச் செய்யிறியா? பெரிய மனசு."

இந்த வார்த்தையைக் கேட்டதும் அய்யம்மாள் எழுந்து வந்துவிட்டாள். துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்தாள். செஞ்சிருவோம் என்றாள் மெல்ல. கும்பிடுவதில் என்ன குறைந்துவிடும், இருக்கிற கைதானே, வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவா என்று கேட்டாள். தம்பி நல்ல மாதிரிதான், வெயிலில் கோபம் வந்துவிட்டது என்று அவனுக்காகவும் பேசினாள். இசைவாணி போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். கோபத்தில் கண் கலங்கிவிட்டது. அதை அம்மா பார்த்ததுதான் இன்னும் கோபம்.

"எங்கம்மா சரின்னுட்டாக. நான் சரின்னு சொல்லல... உனக்கு எதுக்கு எங்க வீட்டுச் சண்டை? நீ கேளு. அப்போல இருந்து பலகை, பலகைங்கிறியே, அதப் பத்தி உனக்கு அம்புட்டுப் பெருமையா?... அப்படியா, எல்லாரும் பாராட்டுனாகளா... இன்ஸ்டாவுலயா? நான் பாக்கலையே. நீ போடுறதப் பாக்கிறதுக்கு எனக்கு நேரம் ஏது? இரு, இப்பப் பாக்கிறேன். நீயும் லைன்லயே இரு. கூட்டாப் பாப்போம்."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவன் பக்கத்தைத் திறந்தாள். திட்டுவதற்கு இன்னும் நாலு வார்த்தை கிடைக்கும் என்றுதான் திறந்தாள். கிடைத்தது. பலகை, அதில் வரிசையாக வயர்கள், ஒவ்வொரு வயரின் முனையிலும் ஒரு செல்போன், பக்கத்தில் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு சூர்யபிரகாஷ். மேலே ஆங்கிலத்தில் ஒன் கம்பெனி, ஒன் பின். கீழே நண்பர்கள் போட்ட கைதட்டல்கள்.

"அடேயப்பா... கட்டை விரலு வேற... ஒன் கம்பெனி ஒன் பின்னாம். எழுத்துப் பிழை இல்லையே, யாரு எழுதிக் குடுத்தா?... கலரு, லைட்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பின்னாடி என்ன அது, சுவருக்கு..."

நிறுத்தினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். சூர்யபிரகாஷின் தோளுக்குப் பின்னால் சுவர் இல்லை. தரையிலிருந்து கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். பலகையில் தொங்கும் போன்கள் பெட்டிகளில் உரசிக்கொண்டிருந்தன. பெட்டியின் மேல் அச்சடித்த வெடிப் படம் தெரிந்தது.

"சூர்யா. அது என்ன பெட்டி?... ஒண்ணுமில்லையா? காலிப் பெட்டிக்கு எவனாவது டேப் ஒட்டுவானா?... குடோன் நிறைஞ்சு போச்சா... லாரி வரலையா... அதனால நேத்து ஏத்த வேண்டிய லோடை வாட்ச்மேன் ரூமுல அடுக்கிட்டீக. சரி. அடுக்கிட்டு, அதுல சாத்தி இம்புட்டுச் செல்லையும் சார்ஜ் போட்டுட்டீக. சரி. போட்டுட்டு, போட்டோவும் எடுத்து ஊருக்கே காட்டிட்டீக. சூர்யா, உனக்கு நான் கோயிலே கட்டலாம்."

அவள் குரலில் இப்போது ஒரு சந்தோசம் வந்துவிட்டது. போனை இடது கைக்கு மாற்றி அந்தப் படத்தை எடுத்துச் சேமித்தாள். ஒரு ஊக்குக்காக என் அம்மாவை வெயிலில் நிறுத்தியவன் வெடிப் பெட்டிக்குப் பக்கத்தில் செல்லுக்குக் கரண்டு ஏற்றிக்கொண்டிருக்கிறான் என்று இந்தப் படத்தை அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதை அவனுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னாள். ஆபீஸுக்குப் பூட்டு விழும், அதுவும் சீசனில் விழும், அப்பாவிடம் அவன் என்ன சொல்லப் போகிறான் என்று கேட்டாள். அவன் கெஞ்ச ஆரம்பித்ததும் உட்கார்ந்துகொண்டாள். அன்று காலையில் அவள் முதல்முறையாக உட்கார்ந்தது அப்போதுதான்.

"மாட்டிக்கிட்டியா... இப்ப எப்படி இருக்கு? தம்பிக்கு வேர்க்குதா?... இல்ல, இல்ல, அவசரப்படாத. மொதல்ல அந்த மன்னிப்பு வீடியோ. கை கும்பிடுறது எப்படின்னு நான் சொல்லித் தாறேன், நீதான கும்பிடப் போற..."

அய்யம்மாள் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். தொங்குகிற போன்களைப் பார்த்தாள். இது இன்றைக்கும் போட்டிருக்கிறதா என்று மகளிடம் கேட்டாள். இன்றைக்கும்தான், அதற்குத்தானே அந்தப் பலகையே என்று இசைவாணி கையை வீசிச் சொல்லிவிட்டு மறுபடியும் போனுக்குத் திரும்பினாள். போன் கையில் இல்லை. அம்மா எடுத்திருந்தாள்.

"தம்பி... நான் அய்யம்மா பேசுறேன்... ஆமா தம்பி... அதெல்லாம் இருக்கட்டும். அந்தச் சுவிச்ச அமத்துங்க... இல்ல தம்பி, அவ சின்னப் பிள்ள, அவ பேசுறத விடுங்க. நீங்க போயி மொதல்ல சுவிச்ச அமத்துங்க. வாசல் ஒண்ணுதான இருக்கு நம்ம ஆபீஸுக்கு. வாசல்ல தீப் பிடிச்சா உள்ள இருக்கிறவுக எந்த வழியா வருவாக?... அழகுமீனா உள்ள இருக்கா. எல்லாரும் உள்ள இருக்காக... வேற ஆள அனுப்பாதீக, நீங்களே போங்க தம்பி. போன வச்சிராதீக. நான் இங்கனயே நிக்கிறேன்."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அய்யம்மாள் நின்றாள். ஸ்பீக்கரில் செருப்புச் சத்தம் கேட்டது, நடை ஓட்டமானது. ஒரு கதவு. மொக்கைச்சாமியைக் கூப்பிடுகிற சத்தம். பிறகு டப், டப் என்று சுவிட்சுகள். அய்யம்மாளின் உதடு ஒவ்வொன்றுக்கும் அசைந்தது.

இசைவாணி உட்கார்ந்த இடத்தில் இருந்தாள். அதே படத்தை அவளும்தான் பார்த்தாள். வாசல் ஒன்றுதான் என்பது அவளுக்கும் தெரியும். துப்பட்டா மறுபடியும் சரிந்து மடியில் கிடந்தது, அதை எடுத்துப் போடவில்லை.

"ஆச்சா தம்பி?... எல்லாத்தையும் கழட்டியாச்சா... செல்லு எதுவும் சூடா இருக்கா, தொட்டுப் பாருங்க... ஒண்ணு சூடா இருக்கா? அதை வெளிய மண்ணுல கொண்டுபோயி வைங்க... ம்... பெட்டியவும் வெளிய எடுக்கச் சொல்லுங்க, கையால தூக்கச் சொல்லுங்க, இழுக்க வேண்டாம்... சரிங்க தம்பி... சரிங்க."

போனை மகளிடம் நீட்டினாள். இனி பேசுவதானால் பேசிக்கொள் என்பதுபோல இருந்தது அந்த நீட்டல். பேசிவிட்டுச் சாப்பிட வா என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இசைவாணி போனை வாங்கிக்கொண்டாள்.

"ஹலோ... இருக்கேன்... ஆமா... ஆமா, கேட்டேன்... பயமா இருக்கா? இருக்கட்டும். கொஞ்ச நாளைக்கு இருந்தா நல்லதுதான்... தேங்க்ஸ எங்கிட்டச் சொல்லாத. நான் உன்னை வேடிக்கைதான் பாத்துக்கிட்டிருந்தேன்... சரி, கேளு. அந்தப் படம் எங்கிட்ட இருக்கும். இனி வாட்ச்மேன் ரூமுல ஒரு பெட்டி இருக்குன்னு அழகுமீனா வந்து சொன்னாலும் அது போக வேண்டிய இடத்துக்குப் போகும். இது மிரட்டல்தான். வேற பேரு வைக்காத... ம்... நாளைக்கு வரச் சொல்லவா? யாரை?... யாரை 'அவள'ங்கிற?... ம்... அது. அவுகள வரச் சொல்லணும். இப்ப வாய்ல புண்ணு வந்துருச்சா? வரலேல. வீடியோ?... அழிச்சிட்டேன்னு சொன்னாப் போதுமா? பாத்தவன் கண்ணுல இருந்து அழிப்பியா? பேப்பர் எடு. பேனா எடு. நான் சொல்றேன், நீ எழுது. காலேஜ்ல எழுதின மாதிரியே எழுது, சொந்தமா ஒண்ணும் சேக்காத."

அவன் பேப்பர் தேடுகிற நேரத்தில் அவள் எழுந்து நின்று துப்பட்டாவைத் தோளில் போட்டாள். அது சரிந்தது. கை தன்னால் அலமாரியில் ஊக்கைத் தேடியது. அடுப்படியிலிருந்து அய்யம்மாள் அதைப் பார்த்துவிட்டு, தட்டில் சோற்றைப் போட்டபடியே, குரலை இறக்கி ஒரு வார்த்தை சொன்னாள். நேற்று ராத்திரி வீட்டில் வேறு ஊக்கு அகப்படவில்லை என்றாள். உன் துப்பட்டாவில் இருந்தது, ஒரு நாளைக்குத்தானே என்று எடுத்துக்கொண்டு போனேன் என்றாள். இசைவாணி போனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. வந்ததை அவனுக்குக் கேட்காமல் அடக்கிக்கொண்டாள்.

"எடுத்திட்டியா... எழுது. அறிவிப்பு. நேற்று வைத்த அறிவிப்பில், செல்போன் சார்ஜர் என்ற சொற்களை எழுத மறந்தது என் தவறு... என். நிர்வாகத்தின் இல்ல. என்... எழுதியாச்சா? பெண்கள் தங்கள் பழைய சார்ஜர்களை ஆபீஸ் கட்டடத்துக்கு வெளியே, லோடு இல்லாத இடத்தில் பயன்படுத்தலாம்... இடம் நீ ஏற்பாடு பண்ணு, உங்கப்பாகிட்டக் கேளு. அடுத்த வரி. அறிவிப்பில் சொன்னபடி நடந்துகொண்ட அய்யம்மாள் அவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை... ஆமா, அவர்கள்... எதுக்கா? அவர்கள்னு எழுத உனக்குக் கை சுளுக்குமா?... சின்ன ர, பெரிய ற இல்ல... ம். கீழ உன் பேரு, கையெழுத்து. வீடியோ போட்ட குரூப்புலயே போடு. போட்டது எனக்கு வந்துரும், சோலைச்சாமி மாமா அனுப்புவார், அதனால போட்டேன்னு பொய் சொல்லாத... இப்ப ஒரு தடவ வாசி. சத்தமா. எங்கம்மா அடுப்படியில இருக்காக."

அவன் வாசித்தான். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அவர்கள் என்ற சொல் வந்து போன பிறகு மறுபடியும் கேட்டது.

"ம். பிழை இல்ல... வச்சிரவா? இரு, கடைசியா ஒண்ணு. இதை எழுத வேணாம், கேட்டா மட்டும் போதும். காலையில எங்கம்மாகிட்ட இருந்து பிடுங்கி, ரெண்டு விரலால தூக்கி ஊருக்கே காட்டினியே ஒரு ஊக்கு... ஆமா, அந்த ஊக்குத்தான்... மேசையிலயே இருக்கா? பத்திரமா வச்சிருக்கியா, நல்லது. சாயங்காலம் அழகுமீனா பஸ் ஏறும்போது அவ கையில குடுத்துவிடு... எதுக்கா? அது என்னோடது சூர்யா. அது இல்லாம எனக்கு ஆபீஸுக்கு லேட்டாகுது."

சொல்லிவிட்டு, அவன் வாயைத் திறக்குமுன் அழைப்பைத் துண்டித்தாள்.